அலவ் கொடு என்று சொன்னது நான்தான்

எங்க வீட்டுல மூணு பேருக்கும் வாய்க்கு முன்னாடி கை பேசும். அண்ணன், நான், தம்பி. அம்மா அப்பா போனதுக்கு அப்புறம் ஜார்ஜ்டவுன்ல ஒரு ஃபிளாட்டுல, நாலாவது மாடியில, மூணு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம். எனக்கு ஒரு கல்யாணம் நடந்து, அது நான் தூக்கி அடிச்ச ஒரு ஸ்டூலோட முடிஞ்சும் போச்சு. அதுக்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வருத்தம் இல்ல, அந்த ஆளுக்கு அது வேணும்தான். ஆனா நான் கை ஓங்கினதுல வருத்தப்படுற அடி ஒண்ணு இருக்கு. அதைத்தான் இங்க சொல்றேன்.

நான் வேலை பாக்குறது பிறைங்கிற ஊர்ல, சர்க்கிட் போர்டு செய்யிற ஒரு ஃபேக்டரி. ஒவ்வொரு போர்டும் ஒரு கேமரா மெஷினுக்குள்ள போகும். மெஷினுக்குச் சந்தேகம் வந்தா அந்த இடத்துல சிவப்பு வட்டம் போட்டுட்டுக் கத்தும். வட்டத்துக்குள்ள இருக்குறது நிஜமாவே கோளாறா, இல்ல மெஷின் சும்மா பயப்படுதான்னு பாத்துச் சொல்றதுதான் என் வேலை. ஈயம் கொஞ்சம் பளபளத்தாலும் கத்தும், நிழல் விழுந்தாலும் கத்தும், தூசு உக்காந்தாலும் கத்தும். முக்காவாசி பொய்க் கத்தல். எங்க லைன்ல அதுக்கு ஃபால்ஸ் கால்னு பேரு. பொய்னா பாஸ் பட்டன், நிஜம்னா ரிஜெக்ட் பட்டன். பதினாலு வருஷமா அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு, வீட்டுல குக்கர் விசிலடிச்சாலும் எனக்கு எரிச்சல் வரும்.

அண்ணனும் பிறையிலதான், வேற இடத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாரு. மிச்ச நேரமெல்லாம் உறுமி மேளம். காவடி எடுக்குறவங்களுக்கு முன்னால வாசிச்சுக்கிட்டே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏத்துற குழு, அதுக்கு அவருதான் தலைவர். பாட்டு எழுதுறது, மெட்டுப் போடுறது, பாடுறது எல்லாம் அவரே. இங்க உறுமிக் குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டைத் தைப்பூசம் வரைக்கும் வெளிய விட மாட்டாங்க. விட்டா அடுத்த குழு ரெண்டே நாள்ல வாசிச்சு ஊரெல்லாம் பரப்பிடும். அப்படித்தான் ஒரு வருஷம் அண்ணனோட மெட்டை வாசிச்சுக்கிட்டே ஒரு குழு எங்க எதுக்கால நடந்து வந்துச்சு. அண்ணன் நேரா அவங்க முன்னால போனாரு. ஹெல்மெட்டை எடுத்து அந்தக் குழுத் தலைவன் வாயில அடிச்சாரு. ரெண்டு பல்லு தார் ரோட்டுல கிடந்துச்சு, உறுமித் தோலு மேல ரத்தம் தெறிச்சிருந்துச்சு. அன்னியிலேருந்து எங்க வீட்டுல ஒரு சட்டம் வந்துச்சு. பாட்டுக்கு நகல் கிடையாது. அண்ணனோட பழைய லேப்டாப்புல மட்டும்தான் இருக்கணும். பென்டிரைவ்ல எடுக்கக் கூடாது, ஃபோன்ல எடுக்கக் கூடாது, இன்டர்நெட்டுல ஏத்துற பேச்சே எடுக்கக் கூடாது.

இதுல வேடிக்கை என்னன்னா, பாட்டை இப்படிப் பூட்டி வைக்கிற இதே ஆளுங்க, பாட்டு செய்யிற சாஃப்ட்வேரை மட்டும் கூசாம அள்ளிக் குடுப்பாங்க. அதுல எந்தக் குழுவுக்கும் பகை இல்ல. ஒருத்தன்கிட்ட நல்லதா ஒரு இலவச சாஃப்ட்வேர் இருந்தா, பென்டிரைவ்ல ஏத்தி, கைமாறிக் கைமாறி, செபராங் ஜெயாவுல கிளம்பினது கடல் தாண்டி பாலிக் பூலாவ் வரைக்கும் வந்து சேரும். யாரு எங்கேருந்து எடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. கேக்குறது மரியாதையும் இல்ல.

அண்ணன் மட்டும் இன்டர்நெட்டுலேருந்து அவரே எடுப்பாரு. காசு குடுத்து வாங்க வழியில்ல, அதனால எல்லாமே இலவசம். குரல் கோயில் மண்டபத்துல பாடின மாதிரி எதிரொலிக்க ஒண்ணு, தவில் சத்தத்துக்கு ஒண்ணுன்னு தேடித் தேடி எடுப்பாரு. ஒவ்வொண்ணையும் எடுத்து முடிக்குறதுக்குள்ள ஆன்டிவைரஸ் சிவப்பா ஒரு பெட்டியைத் திறந்து, ஆபத்து, தடுத்துட்டேன்னு கத்தும். முதல் தடவை அவரு லேப்டாப்பைக் குத்தப் போயிட்டாரு. குத்தினா யாரு வாங்கிக் குடுக்குறதுன்னு நான் கத்துனேன். அப்பதான் அவரு சொன்னாரு, "நீதானே தெனமும் ஃபால்ஸ் கால் பாக்குறவ, இதையும் பாத்துச் சொல்லு."

எனக்குக் கம்ப்யூட்டர்ல பெரிய படிப்பு ஒண்ணும் கிடையாது. ஆனா கத்துற மெஷின்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியும். கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சு, கேட்டு, எனக்குன்னு ஒரு வழி வச்சுக்கிட்டேன். எங்கேருந்து வந்துச்சுங்கிறதுதான் முதல் கேள்வி. செஞ்சவனோட சொந்தப் பக்கத்துலேருந்து எடுத்ததா, இல்ல டவுன்லோட் பட்டனே பத்து மின்னுற ஏதோ ஒரு குப்பைப் பக்கமா. அதுக்குப் பதில் வராம அடுத்த பேச்சு கிடையாது. பதில் சரின்னா, அந்த ஃபைலை அறுபது எழுபது ஆன்டிவைரஸ்கிட்ட ஒரே நேரத்துல காட்டுற ஒரு சைட்டு இருக்கு, அதுல ஏத்துவேன். ரெண்டு மூணு மட்டும் கத்தி மத்ததெல்லாம் வாயை மூடிக்கிட்டிருந்தா, பயந்து கத்துதுன்னு அர்த்தம். என்ன பேரு சொல்லிக் கத்துதுன்னும் பாக்கணும். சந்தேகமா இருக்குன்னு பொத்தாம் பொதுவா ஒரு பேரைச் சொன்னா விட்டுடலாம். பாதிக்கு மேல ஒரே பேரைச் சொல்லிக் கத்தினா அது நிஜம், அங்கயே குப்பையில போடு.

இந்த இலவசச் சாமான் செய்யிறவங்க பெரிய கம்பெனி இல்ல. எங்கயோ ஒரு ஊர்ல ஒரு ஆளு, வேலைவிட்டு வந்து ஆசைக்குச் செய்யிறது. இது என்னோடதுதான்னு கையெழுத்து மாதிரி ஒண்ணு வாங்கி ஒட்டணும், அதுக்குக் காசு ஆகும், அவன்கிட்ட இருக்காது. எடுக்குறவங்களும் கொஞ்சம் பேருதான். தெரியாத முகம்னாலே ஆன்டிவைரஸ் கத்தும். அதனால செஞ்சவன் தன்னோட பக்கத்துல ஃபைலுக்குன்னு ஒரு நீள நம்பர் போட்டிருந்தா, நம்ம கையில இருக்குற ஃபைலோட நம்பரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னு பாப்பேன். அவசரம் இல்லன்னா நாலு நாள் விட்டு மறுபடியும் ஏத்திப் பாப்பேன். பொய்க் கத்தல் நாளாக நாளாகக் குறையும். நிஜம்னா கத்துற ஆளு கூடிக்கிட்டே போகும்.

ஒரு தடவை அண்ணன் எதையோ எடுத்துட்டு வந்தாரு. அதோட வந்த குறிப்புல, முதல்ல ஆன்டிவைரஸை அணைச்சிடுங்கன்னு போட்டிருந்துச்சு. நான் ரிஜெக்ட்னு சொல்லிட்டேன். வீட்டுக்குள்ள வர்றவன் முதல்ல நாயைக் கட்டுன்னு சொன்னா கட்டலாம், நாயைக் கொன்னுடுன்னு சொன்னா விடலாமா? அண்ணன் கோப்பையைச் சுவத்துல அடிச்சாரு. நான் ஒரு தட்டை அடிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அதை அழிச்சோம், தம்பி வந்து கூட்டி அள்ளினான்.

கடைசியா நான் பாத்துக் குடுத்தது, பதிவுல இருக்குற இரைச்சலை எடுக்குற ஒரு சின்ன சாஃப்ட்வேர். எங்க ஃபிளாட்டுல பாடிப் பதிவு பண்ணா, கீழ மோட்டர் பைக் சத்தம், லிஃப்ட் சத்தம், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்னு கூப்பிடுவோம், அவங்க மீன் பொரிக்கிற சத்தம் எல்லாம் பாட்டுல விழுந்திருக்கும். அந்த சாஃப்ட்வேருக்கும் சிவப்புப் பெட்டி வந்துச்சு. நான் பக்கம் பாத்தேன், நம்பர் பாத்தேன், நாலு நாள் பொறுத்தும் பாத்தேன். பாஸ்னு சொன்னேன். அண்ணன் உள்ள விடச் சொல்ற அலவ் பட்டனைத் தட்டிப் போட்டாரு. போட்டதும் மத்த சத்தமெல்லாம் விலகிப் போய் அண்ணன் குரல் மட்டும் தனியா நின்னுச்சு. பாட்டு தொடங்குறதுக்கு முன்னால முருகனை ஒரு கூப்பாடு போட்டிருப்பாரு, அடிவயித்துலேருந்து. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு. அழுறதைப் பாத்துட்டாங்களேன்னு தம்பியைத் திட்டினேன்.

அதுக்கு அடுத்த வாரம் அண்ணன் செத்துட்டாரு. காலையில மழை, பிறையில ஒரு சந்திப்புல லாரி திரும்பினப்ப மோட்டர் பைக்கோட அதுக்கு அடியில போயிட்டாரு. ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகல, உள்ள இருந்தது போச்சு. அவரு ஃபோன் நசுங்கிச் சட்டையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு முன்னாடியே தம்பி அங்க போய்ட்டான். நான் போறப்ப லாரிக்கண்ணாடியை வெறுங்கையால குத்திக்கிட்டு இருந்தான், கண்ணாடி உடையல, கை உடைஞ்சிருந்துச்சு. டிரைவரை நாலஞ்சு பேரு தரையில போட்டு மிதிச்சுக்கிட்டு இருந்தாங்க. நானும் ஒரு உதை உதைச்சேன். அந்த ஆளு பாவம், மழையில அவனுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காதுன்னு எனக்கு இப்பத் தெரியும். அப்பத் தெரிஞ்சிருந்தாலும் உதைச்சிருப்பேன்.

சாவு விழுந்த வீட்டுல ஒரு வருஷத்துக்குக் கோயில் காரியம் கிடையாது. லேப்டாப்பைத் துணியில சுத்தி அலமாரியில வச்சோம். அந்த வருஷத் தைப்பூசத்துக்கு நாங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தோம். தெவசம் முடிஞ்ச அன்னிக்குத் தம்பி ஒரு வேண்டுதல் வச்சான். வர்ற தைப்பூசத்துக்கு அவன் காவடி எடுக்கணும், எங்க குழுவோட தண்ணீர்ப் பந்தலை அவன் தாண்டும்போது ஸ்பீக்கர்ல அண்ணனோட குரல் வரணும். அந்தக் கூப்பாட்டுக்கு அவன் காவடியோட ஆடணும். அண்ணன் பாடி வெளிய யாருமே கேக்காத ஒரே பாட்டு அதுதான். அவனுக்கு அது மட்டும்தான் வேணும். எனக்கும் அதுதான் வேணும்.

ஒரே ஒரு தடவை, அந்தப் பாட்டை ஒரு நகல் எடுத்து வைடான்னு நான் சொன்னேன். அண்ணன் போட்ட சட்டத்தை நீ மாத்துவியான்னு முறைச்சான். செத்தவரு சட்டத்தோட யாரு மல்லுக்கட்டுறது? விட்டுட்டேன்.

தைப்பூசத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது லேப்டாப்பைத் திறந்தான். ஒரு வருஷத்துக்கு மேல தூங்கின ஆன்டிவைரஸ், இன்டர்நெட் கிடைச்சதும் தன்னையே புதுசாக்கிக்கிட்டு வீட்டை ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. அந்த இரைச்சல் எடுக்குற சாஃப்ட்வேரைத் திருடன்னு பிடிச்சு உள்ள போட்டுடுச்சு. பாட்டு திறந்துச்சு, ஆனா பழையபடி மோட்டரும் லிஃப்டும் மீன் பொரியலும்தான் கேட்டுச்சு, அண்ணன் குரல் அடியில எங்கயோ கிடந்துச்சு. தம்பி என்கிட்ட வந்து சொன்னான். நான் காலை ஷிஃப்ட், அலுப்பு, ஞாயித்துக்கிழமை பாத்துத் தரேன்னு சொன்னேன். பிடிச்சு வச்சதை வெளிய விடுறது ரெண்டு தட்டு வேலை, எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவனுக்குப் பொறுமையும் இல்ல, அது எங்க யாருக்கும் இல்லாதது.

ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி. அன்னிக்குக் காலையிலேருந்து மெஷின் ஓயாமக் கத்துச்சு. புது ஈயம் போட்டிருந்தாங்க, பளபளப்பு அதிகம், ஒரு போர்டு விடாம எல்லாத்துலயும் சிவப்பு வட்டம். போர்டு குவிஞ்சு போச்சுன்னு லைன் லீடர் வந்து என் தலைக்கு மேல நின்னா. அவகிட்டேருந்து ரெண்டு வார்த்தை சுருக்குன்னு வாங்கிட்டு, கொதிச்சுப்போய்க் கேன்டீனுக்குப் போனேன். பத்து நிமிஷம்தான் ஓய்வு. தே ஓ, அதான் பால் போடாத டீ, வாங்க வரிசையில நிக்குறேன், தம்பி ஃபோன் பண்றான்.

"அக்கா, அந்த இரைச்சல் எடுக்குறது இருக்குல்ல, அண்ணனுக்கு நீ பாஸ் பண்ணியே. அதைத்தான் போடுறேன். சிவப்பாக் கத்துது."

"அது ஃபால்ஸ் கால் லா. அலவ் கொடு."

அவ்வளவுதான். எங்கேருந்து எடுத்தேன்னு நான் கேக்கல. பதினாலு வருஷம், ஒரே மாதிரிக் கத்தலுக்குப் பாஸ் போட்டுப் போட்டுப் பழகின விரல். ஒரு தடவை பொய்னு முடிவான கத்தல் மறுபடியும் அதே பேருல வந்தா லைன்ல நாங்க உத்துப் பாக்க மாட்டோம். அன்னிக்கு மட்டும் அந்தப் பளபளப்புக்கு நூறு தடவை பாஸ் தட்டியிருப்பேன், நூத்தி ஒண்ணாவது என் தம்பி. ஃபோனை லாக்கர்ல போட்டுட்டு மறுபடியும் மெஷினுக்குப் போனேன்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தா தம்பி தரையில உக்காந்திருக்கான், லேப்டாப் ஸ்டூல் மேல. திரை முழுக்க ரத்தச் சிவப்பு. ஓரத்துல ஒரு பட்டன் கூட இல்ல. எல்லாம் இங்கிலீஷ், அவனுக்கு அவ்வளவு ஓடாது. நான் படிச்சுச் சொன்னேன். உங்க ஃபைல் எல்லாத்தையும் பூட்டியாச்சு. இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும். இந்த மாதிரி பூட்டிக் காசு கேக்குறதைப் பத்தி நான் நிறையப் படிச்சிருக்கேன். எல்லாம் போச்சுடான்னு சொன்னேன். அந்த வார்த்தையும் நான் சொன்னதுதான்.

எங்கேருந்து எடுத்தேன்னு அப்பக் கேட்டேன். பென்டிரைவ்னு சொன்னான். அவனோட கூட்டாளி ஒருத்தன், வேற குழுவுல தப்பு மேளம் அடிக்கிறவன், அவன் குடுத்தது. அவனுக்கு யாரு குடுத்தாங்கன்னு தெரியாது. அதே பேரு, வேற சரக்கு. கேட்டதும் என் கை ஓங்கிடுச்சு. கன்னத்துல ஒரு அறை. நீதானே அலவ் கொடுக்கச் சொன்னேன்னு அவன் சொன்னான். அது உண்மை, அதனால இன்னொரு அறை விட்டேன், முதல் அறையை விடப் பலமா.

அவன் திருப்பி அடிச்சான். வாயில பட்டுச்சு, உதடு பல்லுல கிழிஞ்சு, ரத்தம் உப்புக் கரிச்சது. நான் அவன் தலைமுடியைப் பிடிச்சேன். அவன் என்னைச் சுவத்தோட சேத்துத் தள்ளினான், அலமாரிக் கண்ணாடி நொறுங்கி ரெண்டு பேரு காலுலயும் குத்திச்சு. அண்ணன் படம் சுவத்துலேருந்து விழுந்துச்சு, அதையும் மிதிச்சுக்கிட்டுத்தான் சண்டை போட்டோம். இதை எழுதும்போது எனக்கு வெக்கமா இருக்கு.

"அண்ணனை ரெண்டாவது தடவையா நீ கொன்னுட்டே," ன்னான் தம்பி.

அதைச் சொல்லிட்டு அவன் லேப்டாப்பைத் தூக்கினான். ஒயரோட பிடுங்கிக்கிட்டு வெளிய நடைபாதைக்குப் போனான். நான் பின்னாடியே ஓடினேன், அவன் சட்டைதான் கையில வந்துச்சு. கம்பிக்கு மேல தூக்கி வீசிட்டான். நாலு மாடி. கீழ கார் நிறுத்துற இடத்துல சிமென்டுத் தரையில விழுந்த சத்தம் ஒரு அறை மாதிரி சின்னதாத்தான் கேட்டுச்சு. பக்கத்து வீட்டு மக்சிக் கதவைத் திறந்து என் வாயைப் பாத்துட்டு மூடிக்கிட்டாங்க.

நான் படியிறங்கிப் போய் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில பொறுக்கினேன். மறுநாள் செபராங் ஜெயாவுல ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். அங்க இருந்த ஆளு ஹார்ட் டிஸ்க்கைத் தனியா எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டினாரு. உள்ள மணல் ஓடுற மாதிரி சத்தம் வந்துச்சு. இந்தப் பழைய வகையில உள்ள இருக்குற தட்டு கண்ணாடிக்கா, தூளாயிடுச்சு, இதை யாராலயும் எடுக்க முடியாதுன்னு சொன்னாரு. அதை எங்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு.

அன்னியிலேருந்து தம்பி என்கூடப் பேசல. ஆனா என்னைப் பத்தி எல்லாருகிட்டயும் பேசினான். அக்கா அலவ் கொடுக்கச் சொன்னா, அண்ணன் குரல் போச்சு. குழுவுல சொன்னான், கடையில சொன்னான், மக்சிக்கிட்டயும் மலாய்ல சொன்னான். அவன் சொல்றது தப்பில்லன்னு நானே நம்பினேன். ஃபேக்டரியில கொஞ்ச நாள் எதுக்குமே பாஸ் போடல, எல்லாத்துக்கும் ரிஜெக்ட். லைன் லீடர் கத்தினா, கத்தட்டும்னு விட்டேன்.

தைப்பூசம் வந்துச்சு. வேண்டுதல் வேண்டுதல்தான், தம்பி காவடி எடுத்தான். நான் பந்தல்ல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். பென்டிரைவ் குடுத்த அந்தக் கூட்டாளி என் பக்கத்துல வந்து நின்னு, மன்னிச்சிடுங்கக்கான்னான். தம்பி அவன்கிட்ட லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கான். அந்தப் பென்டிரைவ்ல இருந்ததைப் போட்டப்ப சிவப்பா ஒரு திரை தனக்கும் வந்துச்சுன்னான். அவனுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, என்ன எழுதியிருக்குன்னே தெரியல. அதனால பவர் பட்டனை அப்படியே அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டு, மறுபடியும் தட்டியிருக்கான்.

"எல்லாப் பாட்டும் அப்படியே இருந்துச்சுக்கா. ஒண்ணும் ஆகல."

நான் மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அதையே சொன்னான். எனக்குக் காதுக்குள்ள மேளச் சத்தமெல்லாம் நின்னு போச்சு. முந்தின நாள் தேருக்கு உடைச்சது போக, பந்தல் ஓரம் தேங்காய் குவிஞ்சு கிடந்துச்சு. நான் ஒண்ணை எடுத்து ரோட்டுல அடிச்சேன். அப்புறம் இன்னொண்ணு. எத்தனைன்னு தெரியாது, கை வலிச்சு, ஓடு கீறி, உள்ளங்கையெல்லாம் ரத்தமும் தேங்காய்த் தண்ணியும். பக்கத்துல நின்னவங்க பக்தின்னு நினைச்சுக் கும்பிட்டாங்க. அப்பதான் தம்பியோட காவடி பந்தலுக்கு நேரா வந்துச்சு. அண்ணன் குரல் வரவேண்டிய இடத்துல அவன் நின்னான். முகத்தை நிமித்தி ஸ்பீக்கரைப் பாத்தான், அப்புறம் என்னைப் பாத்தான். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கிட்டேன். இப்பச் சொல்லாதே, காவடியோட இருக்கான்னு வாயைக் கடிச்சுக்கிட்டேன்.

அந்தப் பென்டிரைவை வாங்கிட்டுப் போய், கூட வேலை பாக்குற ஒருத்தியோட கம்ப்யூட்டர்ல, திறக்காமலே அந்தச் சைட்டுல ஏத்திப் பாத்தேன். பாதிக்கு மேல கத்துச்சு, எல்லாம் ஒரே பேரு. அந்தப் பேரைத் தேடிப் படிச்சேன். அது எதையும் பூட்டாது, எதையும் அழிக்காது. சும்மா ஒரு சிவப்புப் படத்தைத் திரை முழுக்கக் காட்டிப் பயமுறுத்தி ஃபோன் பண்ண வைக்கும். அதை எடுத்துப் போடுறது ரெண்டு நிமிஷ வேலை. நிஜமாக் கத்தினப்ப நான் பொய்னு சொன்னேன். பொய்யாக் கத்தினப்ப நிஜம்னு நம்பினேன், ஒரு ஃபோல்டரைத் திறந்து பாக்கல, ஒரு பட்டனைத் தொடல. அதுக்குப் பதிலா என் தம்பியை அறைஞ்சேன்.

சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். சொன்னா நான் பாதி தப்பிச்சுடுவேன், அவன் முழுசா மாட்டுவான். முதல் அடி என்னோடது, நான் கை ஓங்காம இருந்திருந்தா அவன் வீசியிருக்க மாட்டான். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டு ஆளுக்கு ஒரு மாசம் பெரிசு.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் குழு ஆளுங்க நாலு பேரு வீட்டுக்கு வந்திருந்தாங்க, அந்தக் கூட்டாளியும் இருந்தான். நான் அவங்களுக்குச் சமைக்க வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன். அடுப்புல எண்ணெய். புதுசா ஏதோ சாஃப்ட்வேர் பத்திப் பேச்சு வந்துச்சு, ஒருத்தன் அக்காவைக் கேளுன்னான். தம்பி சிரிச்சான். அக்கா பாஸ் போட்டா ஆளு காலி லா, அண்ணன் குரலையே காலி பண்ணவன்னு சொல்லிட்டுச் சிரிச்சான். மத்தவங்களும் கொஞ்சம் சிரிச்சாங்க.

கத்தியைப் பலகையில குத்தி நிறுத்திட்டு அவன் முன்னால போய் நின்னேன்.

"அந்தச் சிவப்புத் திரை சும்மா படம்டா. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருந்தா அணைஞ்சிருக்கும். அண்ணன் பாட்டு உள்ளயேதான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. நீ மாடியிலேருந்து போடுற வரைக்கும் இருந்துச்சு."

அவன் கூட்டாளியைப் பாத்தான். அந்தப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தம்பி எழுந்தான், மத்தவங்களும் எழுந்துட்டாங்க, அவன் கையைப் பிடிக்கத் தயாரா. நான் நகரல. அடிக்கட்டும்னுதான் நின்னேன். அடிச்சிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அவன் கையைத் தூக்கினான், ஆனா என் பக்கம் இல்ல. வலது கைக் கட்டைவிரலைத் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"எத்தனை செகண்டுக்கா அமுக்கணும்?"

"அஞ்சு" ன்னு சொன்னேன்.

அவன் தலையாட்டினான். எண்ணெய் கருகிப் புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அவன்தான் போய் அடுப்பை அணைச்சான்.